‘பா’ வரைக்கும் தெரிந்தது

இடைவேளைக்கு முன்னால் அவள்
எண்ணெய் வழியும் ரெட்டைச் சடை,
சோடாபுட்டிக் கண்ணாடி,
கதவைத் திறந்தால் கதவோடு விழுவாள்.
தருமபுரி தியேட்டர் மொத்தமும் சிரித்தது.
நானும்தான்.
என் சிரிப்பு அஞ்சு எச்.பி. மோட்டார்:
முதலில் இழுக்கும், திணறும்,
பிறகு ஒரேயடியாகக் கொட்டும்.
முன்வரிசைக்காரர்கள் படத்தை விட்டுவிட்டு
என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.
தஸ்லீமா தொடையில் கிள்ளினாள்.
“வாயை மூடுடி மாதேஸ்வரி.”

மூடிய பிறகுதான் கவனித்தேன்.
அவள் மூக்கில் இருப்பது என் பிரேம்.
அதே தவிட்டு நிறம், அதே தடிமன்.
ஆயிரத்து இருநூறு சொன்னதை
எழுநூறுக்கு நான் அடித்து வாங்கியது.

பின்பாதியில் ஒரு பாட்டு.
முதல் சரணத்தில் சடை அவிழ்ந்தது.
இரண்டாவதில் கண்ணாடி பறந்தது,
மெதுவாக, மிக மெதுவாக,
ஏழு தலைமுறைப் பாவம் கழிவதைப் போல.
காலையில் சீ என்றவன்
சாயங்காலம் பூங்கொத்தோடு நிற்கிறான்.
எல்லாம் நாலரை நிமிஷம்.
என் ஜெராக்ஸ் கடையில்
ஒரு பட்டா பாஸ்புக்கை
முன்னும் பின்னும் எடுக்கும் நேரம்.

நல்ல படம். பொய் சொல்லக் கூடாது,
கடைசியில் அழுதேன்.

தஸ்லீமா அண்ணன் பைக்கில் போனாள்.
பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரோரம்
சடையைப் பிரித்தேன்,
கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டேன்.
உடனே உலகத்துக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது.
யார் முகத்திலும் பரு இல்லை,
யார் முகத்திலும் இளக்காரம் இல்லை,
முகமே இல்லை.
நித்யா, என்று என்னை நானே கூப்பிட்டுப் பார்த்தேன்.
அது படத்தில் அவள் பெயர்.

பஸ் பலகையில் ‘பா’ வரைக்கும் தெரிந்தது.
மீதி மஞ்சள் கஞ்சி.
எங்கள் ஊர் பாப்பாரப்பட்டி.
ஏறிவிட்டேன்.
“கடைசி ஸ்டாப்” என்றேன், ஸ்டைலாக.
கண்டக்டரும் கிழித்துக் கொடுத்தார்.
ஜன்னல் காற்றில் முடி
படத்தில் பறந்தது போலப் பறக்கவில்லை;
வாய்க்குள் போனது,
பக்கத்து இருக்கைக்காரம்மாவின்
பன்னுக்குள்ளும் போனது.

“பாலக்கோடு! எல்லாம் எறங்கு!”

இறங்கினேன்.
பையைத் துழாவிக் கண்ணாடியை மாட்டினால்
எதிரே தக்காளி.
பெட்டி பெட்டியாக, ஆள் உயரத்துக்கு,
சிவப்பாய், பாதிச் சிவப்பாய், நசுங்கி.
ஒரு லாரி. ஏற்றுகிற நாலு பேர்.
எண்ணுகிறவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.
லாபம், ரெண்டு, மூணு என்று தொடங்குவார்,
நாற்பதைத் தாண்டியதும் இருமுவார்,
இருமி முடித்தால் எண் இருக்காது.
“மறுபடி லாபத்துல இருந்தா?”
தலைச்சுமையோடு நின்றவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
நாள் முழுக்க நகல் எண்ணுகிறவள் நான்,
தாங்கவில்லை.

“நாப்பத்தேழு!”

மண்டியே திரும்பியது.
கழுத்தைச் சுருக்கிக்கொண்டு
சிரிப்புக்காகக் காத்திருந்தேன்.
வரவில்லை.
அடுத்த பெட்டிதான் வந்தது.
நாப்பத்தெட்டு என்றேன். அது ஏறியது.
நாப்பத்தொம்பது. ஏறியது.
முந்நூற்றுப் பன்னிரண்டில் தார்ப்பாய் போட்டார்கள்.

நூறு ரூபாய், ஒரு பை தக்காளி.
“ஏம்மா, செவ்வாய்க்கெழம வருவியா?
பேரென்ன?”
நித்யா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
மாதேஸ்வரி என்று வந்தது,
கடைசிப் பெட்டிக்குப் போட்ட அதே குரலில்.
நோட்டில் எழுதினார்.
தலைகீழாகவே படித்தேன்: மதேஸ்வரி.
“கால் விட்டுட்டீங்க.”
பேனாவை நக்கி, பிதுக்கிப் போட்டார் ஒரு காலை,
நொண்டிக்கு ஊன்றுகோல் மாதிரி.

அப்போதுதான் சிரிப்பு வந்தது.
முதலில் இழுத்தது, திணறியது.
லாரி டிரைவர் டீயை வைத்துவிட்டு
வண்டியை அணைத்தோமா என்று
பார்க்கப் போனார்.